வாய்க்குள் பூஞ்சையும் பாக்டீரியாவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல் மருத்துவக் கல்லூரி ஒன்றின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். வாயில் பஞ்சு தேய்த்து மாதிரி கொடுக்க வருகிறவர்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் அம்மாக்கள், இரண்டாம் ஆண்டு மாணவர்கள், அப்புறம் கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலியில் உட்காரும் உறவுக்காரர்கள் என்று எல்லாரும் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேள்விகளைக் கேட்டவர்கள் வாக்கிலேயே எழுதியிருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் பேசும் என்பதால், மேலிருந்து படித்து வந்தால் சுலபம். மருந்து விஷயத்தில் உங்களை நேரில் பார்க்கும் மருத்துவர் சொல்வதே கடைசி வார்த்தை.

பல்லுல பூச்சி இருக்குன்னு சொல்றாங்களே, அந்தப் பூச்சியைத்தான் நீங்க கிருமின்னு சொல்றீங்களா?

பல்லுக்குள் புழுவும் கிடையாது, பூச்சியும் கிடையாது. தெருவோரம் உட்கார்ந்து பல்லிலிருந்து பூச்சி எடுத்துக் காட்டுகிறவர்கள், அதை வீட்டிலிருந்தே கொண்டு வருகிறார்கள். சொத்தை என்பது அமிலம் அரித்த பள்ளம். நாம் சாப்பிடும் சர்க்கரையைப் பல்மேல் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்கள் தின்று அமிலத்தைக் கக்குகின்றன. அந்த இடத்தில் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு (இறங்க இறங்க அமிலம் அதிகம்) ஏறக்குறைய 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமலில் இருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும்.

இந்த வேலையில் அதிகம் பேசப்படுவது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பாக்டீரியா. 1924ல் இங்கிலாந்தைச் சேர்ந்த கிளார்க் அதைச் சொத்தைப் பல்லிலிருந்து பிரித்தெடுத்தார். உருண்டையா நீளமா என்று நிச்சயமில்லாமல் உருவம் மாறி மாறித் தெரிந்ததால் அந்தப் பெயர். இனி மியூட்டன்ஸ் என்று மட்டும் சொல்கிறேன். இதற்குப் பூஞ்சை ஒன்று துணை போகிறது என்பது சமீபத்தில்தான் தெளிவாகத் தெரிய வந்தது. இந்தப் பக்கம் முழுக்க அந்தக் கூட்டைப் பற்றித்தான்.

வாயில பூஞ்சையா? பிரெட்டுல பூசணம் பிடிக்குமே, அதுவா?

அதே பெரிய குடும்பம்தான், ஆனால் வேறு ஆள். வாயில் முக்கியமாக இருப்பது கேண்டிடா, அதிலும் கேண்டிடா அல்பிகன்ஸ். இது ஈஸ்ட் வகை. ஆய்வகத்தட்டில் வளர்த்தால் வெண்ணெய் நிறத்தில் பிசுபிசுவென்று திட்டுத் திட்டாக வரும், மூடியைத் திறந்தால் பேக்கரி வாசனை அடிக்கும். ஆரோக்கியமாக இருப்பவர்களில் மூன்றில் ஒருவரிலிருந்து பாதிப்பேர் வரை வாயில் இதைச் சுமந்துகொண்டுதான் திரிகிறார்கள். எந்தத் தொந்தரவும் இருக்காது.

2010ல் அமெரிக்காவில் கன்னூம் என்பவரின் குழு, ஆரோக்கியமான 20 பேரின் வாயில் என்னென்ன பூஞ்சைகளின் மரபுப்பொருள் இருக்கிறது என்று தேடியது. நான்கில் மூன்று பேரிடம் கேண்டிடா இருந்தது. கிளாடோஸ்போரியம், அஸ்பர்ஜில்லஸ் போன்றவையும் வந்தன. ஆனால் அவற்றில் பலவும் காற்றோடும் சாப்பாட்டோடும் வந்து போகும் விருந்தாளிகளாக இருக்கலாம். குடியிருப்பவர் கேண்டிடாதான்.

உயிர்ப்படலம், உயிர்ப்படலம்ங்கறீங்களே, அப்படின்னா என்ன?

தண்ணீர்த் தொட்டியின் உள்சுவரைத் தடவினால் வழுக்குமே, அதுதான். கிருமிகள் ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு, தங்களைச் சுற்றித் தாங்களே ஒரு பசையைச் சுரந்து, அதற்குள் குடியிருக்கும் ஏற்பாடு. காலையில் எழுந்ததும் நாக்கால் பல்லைத் தடவினால் வழவழப்பு போய் மாவு பூசியதுபோல இருப்பது அதனால்தான். பல் விளக்காமல் விட்டால் அது தடித்து, எச்சிலில் உள்ள தாதுக்கள் படிந்து காரையாக இறுகும்.

1683ல் நெதர்லாந்தைச் சேர்ந்த லேவன்ஹுக் என்பவர் தன் பல்லிடுக்கில் இருந்த வெள்ளை மாவைச் சுரண்டித் தன் கண்ணாடி வில்லையில் வைத்துப் பார்த்து, குட்டி உயிர்கள் துள்ளுகின்றன என்று லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அவர் பார்த்ததும் உயிர்ப்படலத்தின் ஒரு துணுக்கைத்தான்.

எச்சிலில் தனியாக மிதக்கும் கிருமியை மருந்து சுலபமாகக் கொல்லும். பசைக்குள் இருப்பதை அப்படிச் சுலபமாகத் தொட முடியாது. இதை நினைவில் வையுங்கள், கீழே பல பதில்கள் இங்கேதான் திரும்பி வரும்.

பாக்டீரியா, பூஞ்சை ரெண்டும் ஒரே அளவா? கண்ணாடியில பாத்தா வித்தியாசம் தெரியுமா?

நன்றாகத் தெரியும். பாக்டீரியா ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக்குப் புள்ளி. கேண்டிடா நான்கைந்து மைக்ரான் வரும். நுண்ணோக்கியில் பார்ப்பதற்காகக் கிராம் சாயம் போட்டால் மியூட்டன்ஸும் கேண்டிடாவும் ஊதாதான், ஆனால் கடுகுக்கு நடுவில் கொண்டைக்கடலை கிடப்பதுபோல கேண்டிடா பளிச்சென்று தெரியும். எண்ணிக்கையில் பாக்டீரியாவுக்குப் பக்கத்திலேயே வர முடியாது. ஆனால் ஆளின் பருமனையும் ஒட்டிக்கொள்ள அது தரும் இடத்தையும் பார்த்தால், எண்ணிக்கை குறைவு என்று அதை ஒதுக்க முடியாது.

கேண்டிடா இழை விடும்னு டாக்டர் சொன்னார். எதுக்கு இழை விடுது?

மாணவர்களுக்கு நான் காட்டும் முதல் விஷயம் இது. அரை மில்லி சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) துளி கேண்டிடாவைக் கலந்து 37 டிகிரியில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். இரண்டரை மணி நேரம் கழித்து ஒரு துளியை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால், முட்டை வடிவ செல்களிலிருந்து மெல்லிய குழாய்கள் நீண்டிருக்கும். ஊறவைத்த பச்சைப்பயறில் முளை எட்டிப் பார்ப்பது போலவே இருக்கும். செல்லும் குழாயும் சேரும் இடத்தில் இடுப்பு ஒடுங்காமல் இருந்தால் அல்பிகன்ஸ் என்று ஏறக்குறைய முடிவு கட்டலாம். இந்தச் சோதனைக்குப் பெயரே முளைக்குழாய்ச் சோதனைதான்.

உடம்புச் சூடு, ரத்தத்தில் உள்ள பொருட்கள், அமிலம் குறைந்த சூழல் எல்லாம் இழை விடத் தூண்டும். உருண்டையாக இருக்கும்போது கேண்டிடா பரவலாம், மிதக்கலாம். இழை விட்டால்தான் தோலையும் சவ்வையும் துளைத்து உள்ளே போக முடியும். கூடவே, பாக்டீரியா ஏறி உட்கார ஒரு கொடிக்கால் கிடைத்துவிடும்.

ரெண்டும் ஒண்ணையொண்ணு எப்படிப் பிடிச்சுக்குது? பசையா?

இரண்டு வழி இருக்கிறது. முதல் வழி, கையைக் கோத்துக்கொள்வதுபோல. கேண்டிடாவின் இழைமேல் ஏ.எல்.எஸ்.3 என்றொரு புரதம் இருக்கிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கோர்டோனி என்ற பாக்டீரியாவின் மேல் எஸ்.எஸ்.பி.பி. என்ற புரதம் இருக்கிறது. இது அதைப் பிடித்துக்கொள்ளும். கோர்டோனி சொத்தை உண்டாக்கும் ஆளாகக் கருதப்படுவதில்லை, சுத்தமான பல்லில் முதலில் குடியேறும் சாதுவான வகை. அது பக்கத்தில் இருந்தால் கேண்டிடா இன்னும் சுறுசுறுப்பாக இழை விடுகிறது. நடுவில் இழை, சுற்றிலும் உருண்டை பாக்டீரியாக்கள் நெருக்கமாக ஒட்டியிருக்கும் காட்சியைப் பார்த்தால் மக்காச்சோளக் கதிர் மாதிரியே இருக்கும். பல் படலத்தில் நீள பாக்டீரியாவைச் சுற்றியும் இதே கதிர் அமைப்பு உருவாகும்.

இரண்டாவது வழி உண்மையிலேயே பசைதான். அது மியூட்டன்ஸின் வழி. அடுத்த கேள்வியில் வருகிறது.

என் பொண்ணுக்கு ரெண்டு வயசுதான், முன்பல் நாலும் சொத்தை. மிட்டாயே குடுக்கறதில்ல, பால்தான் குடிக்கிறா. எப்படி வந்துச்சு?

இந்தக் கேள்வியைக் கேட்காத வாரம் கிடையாது. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பாலில் சர்க்கரை போடுகிறீர்களா, பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்கவிடுகிறீர்களா? பெரும்பாலும் இரண்டுக்கும் ஆமாம் என்றே பதில் வரும். தூங்கும்போது எச்சில் ஊறுவது குறையும், அமிலத்தைக் கழுவ ஆள் இல்லை. கீழ்முன்பற்களை நாக்கு மூடிக்கொள்வதால் அவை தப்பும், மேல்முன்பற்கள் மாட்டிக்கொள்ளும்.

உள்ளே நடப்பது இது. மியூட்டன்ஸ் ஜி.டி.எஃப்.பி. என்றொரு நொதியை வெளியே விடுகிறது. சர்க்கரையில் இருக்கும் சுக்ரோஸை எடுத்து அது குளுக்கான் என்ற கரையாத பசையாக மாற்றும். இந்த நொதி பாக்டீரியாவோடு மட்டும் நிற்பதில்லை. மிதந்து போய்க் கேண்டிடாவின் மேலுறையில் உள்ள மன்னான் என்ற சர்க்கரைப் படிவத்தில் ஒட்டிக்கொள்கிறது. அங்கிருந்தே பசை தயாரிக்கிறது. அதாவது பூஞ்சையின் முதுகிலேயே பசை ஆலை ஓடுகிறது. சாதாரணமாகப் பல்லில் சரியாக ஒட்டத் தெரியாத கேண்டிடா, இந்தப் பசையால் பல்லோடும் மியூட்டன்ஸோடும் சேர்ந்து கெட்டியாக ஒட்டிக்கொள்கிறது. இன்னொரு லாபமும் உண்டு. சுக்ரோஸை முழுதாக அப்படியே சாப்பிடுவதில் கேண்டிடா மந்தம். மியூட்டன்ஸ் அதை உடைத்தால் கிடைக்கும் குளுக்கோஸையும் ஃபிரக்டோஸையும் அது பிரமாதமாகச் சாப்பிடும். பந்தியில் ஒருவர் உரித்துப்போட, இன்னொருவர் தின்பது மாதிரி.

இதையெல்லாம் துருவிப் பார்த்தது ஹ்யூன் கூ என்ற ஆராய்ச்சியாளரின் குழு. 2014ல் அவர்கள் எலிகளில் காட்டியது: மியூட்டன்ஸ், கேண்டிடா இரண்டையும் சேர்த்துக் கொடுத்துச் சர்க்கரைத் தீனியும் போட்டால், ஒன்றை மட்டும் கொடுத்த எலிகளைவிடச் சொத்தை படுமோசமாக வந்தது. சொத்தையோடு வரும் சின்னக் குழந்தைகளின் பல் படலத்தில் இரண்டும் சேர்ந்து கிடைப்பதும் வழக்கம். 2018ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வாயில் இந்தக் கேண்டிடா இருக்கும் குழந்தைகளுக்குச் சொத்தைக்கான வாய்ப்பு 5 மடங்குக்கும் மேல் என்று தெரிந்தது. கேண்டிடா இருந்ததால் சொத்தையா, சொத்தை இருந்ததால் கேண்டிடா தங்கியதா என்று அந்தத் தொகுப்பை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் எலிச் சோதனையையும் பக்கத்தில் வைத்தால் படம் ஓரளவு தெளிவாகிறது.

அப்போ வெள்ளைச் சர்க்கரையை நிறுத்திட்டு கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை போடறேன். சரிதானே?

பல்லைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் இல்லை. கருப்பட்டியிலும் வெல்லத்திலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். பசை ஆலைக்கு மூட்டை எந்தக் கடையிலிருந்து வந்தது என்று தெரியாது. தேனில் சுக்ரோஸ் குறைவு, ஆனால் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் நிறைய. பசை குறையலாம், அமிலம் குறையாது. சூப்பானில் தேன் தொட்டு வைக்கும் பழக்கத்தை விடச் சொல்வது அதனால்தான். ஒரு வயதுக்குள் தேனே கூடாது என்பதற்கு வேறு காரணமும் இருக்கிறது, அது இந்தப் பக்கத்தின் விஷயம் இல்லை.

எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பது முக்கியம். ஒவ்வொரு தடவையும் பி.எச். இறங்கி, எச்சில் அதை மேலே இழுத்து வருவதற்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் அடுத்த வாய் பால் போனால் பல்லுக்கு மூச்சுவிட நேரமே இல்லை.

பூஞ்சை மட்டும் இருந்தா, மியூட்டன்ஸ் இல்லன்னா, சொத்தை வருமா?

மேலே சொன்ன எலிகளில் கேண்டிடாவை மட்டும் பெற்றவைக்குப் பெரிதாகச் சொத்தை வரவில்லை. கேண்டிடாவுக்கு அமிலம் பிடிக்கும், அதுவே அமிலமும் விடும். ஆனால் பல்லில் ஒட்டி நிற்க அதற்கு ஆள் துணை வேண்டும்.

அப்படின்னா பூஞ்சை மருந்து குடுத்துட்டா சொத்தை நின்னுடுமே? ஏன் யாரும் குடுக்கறதில்ல?

கேட்க நன்றாக இருக்கிறது, நடைமுறையில் இடிக்கும். பசைக்குள் இருப்பவரை மருந்து தொடாது என்றேனே, 2018ல் ஆய்வகத்தில் அதைத் தனியாகவே பார்த்திருக்கிறார்கள். மியூட்டன்ஸ் செய்த குளுக்கான் ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்தைத் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்கிறது, கேண்டிடாவிடம் போய்ச் சேர விடுவதில்லை. பாக்டீரியா கட்டிய சுவருக்குள் பூஞ்சை பத்திரமாக இருக்கிறது. போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியைச் சேர்த்துப் பசை உற்பத்தியைத் தடுத்தபோதுதான் மருந்து நன்றாக வேலை செய்தது. அது எலி அளவில் உள்ள விஷயம். வீட்டில் யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.

என் கருத்தைக் கேட்டால், எந்தக் கிருமியைக் கொல்வது என்ற கேள்வியே பாதி தப்பு. சர்க்கரை வந்துகொண்டே இருந்து பசையும் கலையாமல் இருந்தால், ஒருவரைத் துரத்தினாலும் அமிலத்தில் வாழத் தெரிந்த இன்னொருவர் அந்த இடத்துக்கு வருவார். பிலிப் மார்ஷ் என்ற பிரிட்டிஷ் நுண்ணுயிரியலாளர் 1990களிலேயே இதைச் சொல்லிவிட்டார்: நோயை உண்டாக்குவது வெளியிலிருந்து வந்த ஒரு வில்லன் கிருமி என்பதைவிட, சூழல் மாறியதால் தலைதூக்கிய உள்ளூர்க் கூட்டம் என்று பார்க்க வேண்டும். ஃபுளோரைடு பற்பசையும் பிரஷ்ஷும் அலுப்பான பதில்கள்தான். ஆனால் படலத்தை நேரடியாகக் கலைப்பது பிரஷ்தான்.

இந்தக் கூட்டம் பல்லுமேல நடக்குதுன்னு எங்கயோ படிச்சேன். கட்டுக்கதையா?

கதை இல்லை. 2022ல் மேலே சொன்ன அதே குழு, கடுமையான சொத்தை உள்ள குழந்தைகளின் எச்சிலில் பூஞ்சையும் பாக்டீரியாவும் சேர்ந்த கட்டிகள் மிதப்பதைப் பார்த்தது. நடுவில் பாக்டீரியாப் பொதி, சுற்றிலும் பூஞ்சை. பல் போன்ற பரப்பில் அதை வைத்து நேரம் நேரமாகப் படமெடுத்தால், இழைகள் கால்கள்போல நீண்டு முழுக் கட்டியையும் தூக்கி நகர்த்துகின்றன. வேகம் மணிக்கு 40 மைக்ரானுக்கு மேல். சில சமயம் 100 மைக்ரானுக்கு மேல் தாவவும் செய்தன. தலைமுடியின் பருமன் ஏறக்குறைய அவ்வளவுதான் என்பதால் பல்லை விட்டு ஓடிவிடும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் மியூட்டன்ஸுக்குத் தனியாக நகரும் உறுப்பே கிடையாது. பூஞ்சையின் தோளில் ஏறி அது ஊர் சுற்றுகிறது.

எல்லாமே கூட்டணியா இருக்கே. சண்டையே கிடையாதா?

நிறைய உண்டு. கேண்டிடா ஃபார்னசால் என்றொரு பொருளைச் சுரக்கிறது. கூட்டம் அதிகமானால் இழை விடுவதை நிறுத்து என்று தன் இனத்துக்கே அது கொடுக்கும் சைகை. 2001ல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் கண்டுபிடித்தார்கள். அதே ஃபார்னசால் அதிக அளவில் மியூட்டன்ஸுக்கு விஷம், கொஞ்சமாக இருந்தால் மியூட்டன்ஸ் இன்னும் நன்றாக வளர்கிறது. மியூட்டன்ஸும் சும்மா இல்லை. தன் இனத்தோடு பேச அது விடும் ஒரு புரதத்துணுக்கு, கேண்டிடாவின் முளைக்குழாயைத் தடுக்கும். நட்பா பகையா என்பது அளவையும் நேரத்தையும் பொறுத்தது.

என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் இன்னும் சுவாரசியம். ரூட் கெனால் செய்தும் சரியாகாத பற்களில் அடிக்கடி கிடைக்கும் பாக்டீரியா இது. அது விடும் என்ட்.வி. என்ற புரதம் கேண்டிடாவைக் கொல்வதில்லை, இழை விடாமல் உருண்டையாகவே உட்கார வைத்துவிடுகிறது. வாய்க்கு வெளியே போனால், சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா கேண்டிடாவின் இழைகளை மட்டும் தேடிப் படர்ந்து கொல்லும், உருண்டை செல்களை விட்டுவிடும். 2002ல் வந்த அந்தக் கட்டுரையைப் படித்தபோது எனக்கு இந்தத் துறைமேலேயே ஆசை வந்தது.

பூஞ்சையும் பாக்டீரியாவும் ஒரே பாத்திரத்தில் இருப்பது நமக்குப் புதிதும் இல்லை. இட்லி மாவைப் பொங்க வைப்பதில் முன்னால் நிற்பது லியூகோநாஸ்டாக் என்ற பாக்டீரியா, கூடவே ஈஸ்ட்களும் இருக்கும். அந்த லியூகோநாஸ்டாக்குக்குச் சர்க்கரை கிடைத்தால் அதுவும் குளுக்கான் வகைப் பசை ஒன்றைச் செய்யும்.

ஈறுல ரத்தம் வருது. அதுலயும் பூஞ்சைக்குப் பங்கு இருக்கா?

ஈறு நோயில் முன்னிலை வகிப்பவை ஆக்ஸிஜன் ஆகாத பாக்டீரியாக்கள், குறிப்பாகப் போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ். கேண்டிடா ஆக்ஸிஜனைக் குடித்துத் தீர்க்கும். அதனால் காற்றுப் படும் இடத்திலும் படலத்துக்குள் காற்றில்லாத மூலைகள் உருவாகி, காற்று ஆகாதவை வாழ முடிகிறது. ஆய்வகத்தில் இது தெளிவாகவே தெரிகிறது. நோயாளியின் ஈறில் இதன் பங்கு எவ்வளவு என்று அளந்து சொல்லும் அளவுக்கு விஷயம் முதிரவில்லை. ரத்தம் வந்தால் முதலில் காரையை எடுங்கள்.

ஆன்டிபயாட்டிக் அஞ்சு நாள் சாப்பிட்டேன், வாயெல்லாம் வெள்ளையாயிடுச்சு. மருந்து ஒத்துக்கலையா?

ஒவ்வாமை இல்லை. ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும், பூஞ்சையைத் தொடாது. அதுவரை இடத்துக்கும் சாப்பாட்டுக்கும் போட்டி போட்டுக் கேண்டிடாவை அடக்கி வைத்திருந்த கூட்டம் கலைந்ததும் அது பரவுகிறது. வெள்ளைப் படிவை ஈரத்துணியால் மெல்லத் துடைத்தால் வந்துவிடும், கீழே சிவந்திருக்கும். பாட்டிமார் அக்கரம் என்று சொல்லும் பல விஷயங்களில் இதுவும் ஒன்று. கைக்குழந்தையின் நாக்கில் நடுவில் மட்டும் இருந்து, துடைத்ததும் சுத்தமாகப் போனால் அது பெரும்பாலும் பால்.

ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுப்பவர்கள், சர்க்கரை கட்டுப்படாதவர்கள், வாய் எப்போதும் வறண்டிருப்பவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் எல்லாருக்கும் இதே ஆபத்து உண்டு. இன்ஹேலர் எடுத்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள். இரண்டு மடக்குத் தண்ணீர் போதும்.

பல்செட்டுக்குக் கீழ மேலண்ணம் சிவந்துபோயிருக்கு, ஆனா வலிக்கல. அப்படியே விட்டுடலாமா?

என் சித்தப்பாவும் இதையேதான் சொன்னார். மேல் பல்செட்டைக் கழற்றச் சொல்லி அண்ணத்தைப் பார்த்தால், செட்டின் ஓரத்தை அப்படியே வரைந்து வண்ணம் அடித்ததுபோலச் சிவப்பு. செட்டைத் திருப்பி அண்ணத்தில் படும் பக்கத்தை விரலால் தடவினேன், வழுக்கியது. வெளிப்பக்கம் பளபளவென்று இருந்தது, ஏனென்றால் அவர் தேய்ப்பது அந்தப் பக்கத்தை மட்டும்தான். ராத்திரியும் போட்டுக்கொண்டே தூங்குவார். கழற்றினால் சித்தி சிரிக்கிறாராம்.

பல்செட்டின் அக்ரிலிக்கில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய. அடியில் எச்சில் ஓட்டம் கிடையாது. கேண்டிடா அங்கே வசதியாகப் படரும். கூட ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகளும், சில சமயம் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவும் சேரும். இந்த ஆரியஸும் முன்னே சொன்ன ஏ.எல்.எஸ்.3 புரதத்தையே பிடித்துக்கொள்ளும். எலிச் சோதனைகளில் கேண்டிடாவின் இழையோடு சேர்ந்து அது திசுவுக்குள் நுழைந்து ரத்தம் வரை போயிருக்கிறது. அதனால் வலி இல்லை என்று விட வேண்டாம், முக்கியமாக வயதானவர்கள்.

இரவில் கழற்றுங்கள். உள்பக்கத்தையும் மெல்லிய பிரஷ், சாதாரண சோப்பு வைத்துத் தேயுங்கள். பற்பசை அக்ரிலிக்கைச் சுரண்டும், வெந்நீர் வளைத்துவிடும். அண்ணத்துக்கு மட்டும் மருந்து தடவிவிட்டு அதே வழுக்கும் செட்டை மாட்டினால் பத்து நாளில் பழைய கதை. சித்தப்பா இப்போது கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிப் போட்டுவைக்கிறார். கிண்ணத்துக்கு மூடியும் வாங்கியாயிற்று.

மவுத்வாஷும் நிஸ்டாட்டினும் குடுத்திருக்காங்க. ரெண்டையும் ஒரே நேரத்துல யூஸ் பண்ணலாமா?

மவுத்வாஷ் குளோர்ஹெக்சிடின் என்றால், சேர்த்துப் பயன்படுத்த வேண்டாம். குளோர்ஹெக்சிடின் பாக்டீரியாவோடு கேண்டிடாவையும் ஓரளவு அடக்கும். ஆனால் பூஞ்சை மருந்தான நிஸ்டாட்டினோடு சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு செயலிழக்கின்றன. இடையில் எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பல் விளக்கிய கையோடு குளோர்ஹெக்சிடின் கொப்பளித்தாலும் பற்பசையின் நுரைப்பொருள் அதைக் கெடுக்கும். வாரக்கணக்கில் தொடர்ந்தால் பல் பழுப்பாகும், நாக்கின் ருசியும் மாறும்.

இன்னொன்று: ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள், வாயில் தடவ மைகோனசோல் என்ற பூஞ்சை மருந்து ஜெல் எழுதிக் கொடுத்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். தடவும் மருந்துதானே என்று நினைக்காதீர்கள். வார்ஃபரினின் வேலை கூடி ரத்தக்கசிவு வரலாம்.

நல்லெண்ணெய் கொப்பளிச்சா பூஞ்சை, பாக்டீரியா எல்லாம் போயிடும்ங்கறாங்களே?

எல்லாம் போகாது, போகவும் வேண்டாம். நல்லெண்ணெய் கொப்பளித்தால் மியூட்டன்ஸ் எண்ணிக்கை குறைந்ததாக 2008ல் இந்தியாவில் ஒரு சின்ன ஆய்வு வந்தது. 20 வளரிளம் பையன்களை வைத்துச் செய்தது. அவ்வளவு பேரை வைத்துப் பெரிய முடிவுக்கு வர முடியாது. பழக்கம் இருந்தால் தொடருங்கள், பிரஷ்ஷுக்குப் பதிலாக வேண்டாம். கைக்குழந்தை வாயில் எண்ணெய் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழாயில் போகும்.

தயிர்ல நல்ல பாக்டீரியா இருக்கே, அது கேண்டிடாவை விரட்டாதா?

லாக்டோபேசில்லஸ் வகைகள் கேண்டிடாவை எதிர்க்கும் பொருட்களைச் சுரப்பது உண்மை. ஆனால் ஆழமான சொத்தைக்குள் தோண்டிப் பார்த்தால் அங்கேயும் லாக்டோபேசில்லஸ் இருக்கும், அமிலத்தில் குளித்துக்கொண்டு. நல்லவர், கெட்டவர் என்று பெயர்ப்பலகை மாட்ட முடியாது, எங்கே யாரோடு இருக்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும். தயிர் சாப்பிடுங்கள், சர்க்கரை போடாமல்.

கொரோனா நேரத்துல வந்த கருப்புப் பூஞ்சை இதுதானா?

இல்லை. 2021ல் வந்தது மியூக்கர் வகை, காற்றில் இருக்கும் விதைத்துகள் மூக்கு வழியாக உள்ளே போய் ரத்தக்குழாயை அடைக்கும். சர்க்கரை நோயும் ஸ்டீராய்டும் சேர்ந்தவர்களை அதிகம் தாக்கியது. கேண்டிடா அப்படி மாறாது.

எனக்கு இருக்கற வெள்ளை துடைச்சாலும் போகல. பாக்கு போடுவேன். பூஞ்சை மருந்து வாங்கிப் போடலாமா?

வேண்டாம், முதலில் காட்டுங்கள். துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு வேறு விஷயம். அதில் கேண்டிடாவும் குடியிருக்கலாம், அதனால் மருந்துக்குக் கொஞ்சம் வெளுப்பு குறைந்து ஏமாற்றவும் செய்யலாம். பாக்கு, புகையிலை பழக்கம் இருந்தால் சின்னத் துண்டு எடுத்துத் திசுப் பரிசோதனை செய்வதுதான் முறை. நாள் கடத்தாதீர்கள்.

ரிப்போர்ட்ல கேண்டிடா வளர்ந்திருக்குன்னு போட்டிருக்கு. நீங்கதான் கையெழுத்து போட்டிருக்கீங்க. பயப்படணுமா?

தட்டில் வளர்ந்ததைத்தான் நான் எழுதுகிறேன். உங்களுக்கு நோய் இருக்கிறது என்று எழுதவில்லை. இரண்டாவது கேள்வியில் சொன்னபடி பாதிப்பேர் வரை அதைச் சுமக்கிறார்கள், பஞ்சைத் தேய்த்தால் வளரத்தான் செய்யும். வாயில் எரிச்சல், சிவப்பு, துடைத்தால் வரும் வெள்ளை, கடைவாய் ஓரத்தில் வெடிப்பு என்று ஏதாவது இருந்தால் அந்த அறிக்கைக்கு மதிப்பு. ஒன்றும் இல்லை என்றால் சிகிச்சையும் வேண்டியதில்லை.

பஞ்சு தேய்ப்பதற்கு முன்னால் நேரடிப் பூச்சு (வாயிலிருந்து எடுத்ததை வளர்க்காமல் நேராகக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பது) ஒன்றும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அதில் கேண்டிடா உருண்டையாக மட்டும் தெரிகிறதா, இழை விட்டிருக்கிறதா என்று நாங்கள் எழுதுவோம். மருத்துவர் முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான்.